காரில் கடகடவென்று வரும் சத்தம்: இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

காரில் புதிதாக ஒரு கடகட சத்தம் வரத் தொடங்கினால் பெரும்பாலானோர் பாட்டின் ஒலியைக் கூட்டி வைத்து மறக்கப் பார்க்கிறார்கள். அதுவும் முடியாதபோது ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டு, "ஏதோ சத்தம் வருகிறது, பாருங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். பிறகு லிங்க் ராடு, புஷ் (மூட்டுகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளை), சாக் அப்சார்பர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பில்லும் கட்டியாகிவிடும்; சத்தம் மட்டும் போன இடத்திலிருந்து திரும்பி வந்துவிடும். இதற்கு மெக்கானிக்கைக் குறைசொல்லிப் பயனில்லை. சத்தம் எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்ற விவரம் அவரிடம் போய்ச் சேரவே இல்லை. அந்த விவரத்தைத் திரட்டக்கூடியவர் தினமும் வண்டியை ஓட்டுகிற நீங்கள்தான். அதைத் திரட்டும் முறையையும், அதைக் கொண்டு சத்தத்தின் இடத்தை நெருங்கும் முறையையும், வீட்டிலேயே செய்யக்கூடிய பழுதுபார்ப்புகளையும் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்: இந்த வேலையில் காதை மட்டும் நம்ப முடியாது. காரின் உடல் தகடுகளை வெல்டிங் செய்து இணைத்த ஒரே கூடு. ஒரு மூலையில் எழுகிற அதிர்வு தகடு வழியே பயணித்து, வேறு எங்கோ இருக்கிற மெல்லிய பரப்பில் ஒலியாக வெளிப்படும். டேஷ்போர்டுக்கு உள்ளிருந்து வருவதாக எல்லோரும் சத்தியம் செய்த சத்தம், பானட்டைத் தாங்கும் கம்பி அதன் பிளாஸ்டிக் கிளிப்பில் சரியாக உட்காராமல் ஆடியதால் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே எங்கே கேட்கிறது என்பதை விட, எப்போது கேட்கிறது என்பதற்கே அதிக மதிப்புக் கொடுங்கள்.

முதலில் ஆபத்தை விலக்குங்கள்

எரிச்சலூட்டும் சத்தங்களில் பெரும்பாலானவை தீங்கற்றவை, சில அப்படியல்ல. அதனால் வேறு எதையும் ஆராய்வதற்கு முன், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நட்டுகளையும் ஸ்பேனரால் சோதியுங்கள். அண்மையில் பஞ்சர் ஒட்டியிருந்தாலோ, அலைன்மென்ட் பார்த்திருந்தாலோ இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். சிறிய கார்கள் பலவற்றில் சக்கர நட்டை ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்க வேண்டியிருக்கும். உங்கள் காருக்கு உரிய சரியான அளவு, வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். நட்டு ஒன்று கையாலேயே சுற்றினால், தேடிய காரணம் அதுவாகவே இருக்கலாம். அதை முறுக்கிய பிறகு, ஆடிய நட்டால் போல்ட்டின் மரையோ சக்கரத்தின் துளையோ தேய்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இன்ஜின் ஆயிலின் அளவு. காலையில் வண்டியைக் கிளப்பியதும் ஓரிரு விநாடிகள் மட்டும் முன்பக்கம் கடகடத்து அடங்கினால், இரவில் வடிந்துபோன ஆயில் டைமிங் செயினை (இன்ஜினுக்குள் ஓடும் சங்கிலி) இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கு மீண்டும் ஏற எடுத்துக்கொள்ளும் நேரமாக அது இருக்கலாம். அடங்காமல் தொடர்ந்தாலோ, டிப்ஸ்டிக்கில் ஆயில் கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தாலோ வண்டியை ஓட்டக் கூடாது. பிரேக் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுப்பது, ஸ்டியரிங்கில் புதிதாக ஆட்டம் தெரிவது, வளைவில் திரும்பும்போது கீழிருந்து பலமாக ஓர் அடி விழுவது ஆகிய மூன்றில் எது சத்தத்தோடு சேர்ந்து வந்தாலும் வீட்டுச் சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு நேராக மெக்கானிக்கிடம் செல்லுங்கள்.

வண்டியைக் காலி செய்தல்

இது அற்பமாகத் தோன்றும். ஆனால் இதைத் தாண்டிச் செல்ல வேண்டிய தேவையே பலருக்கு வராது. கதவின் பைகள், கிளவ் பாக்ஸ், கண்ணாடிப் பெட்டி, கப் ஹோல்டர், இருக்கையின் அடி, டிக்கி என எல்லா இடங்களிலும் உள்ளவற்றை வெளியே எடுத்துவிடுங்கள். டிக்கியின் அடித்தளத்தைத் தூக்கி, ஸ்டெப்னியை இறுக்கும் போல்ட்டையும், ஜாக்கி அதன் இடத்தில் அசையாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஜாக்கியை அதன் திருகை இரண்டு சுற்றுச் சுற்றி விரித்து வைத்தால்தான் பல கார்களில் அது இறுகி உட்காரும். ஆள் இல்லாத இருக்கையின் சீட் பெல்ட்டில் உள்ள இரும்பு நாக்கு, பக்கத்துத் தூணின் பிளாஸ்டிக்கில் தட்டிக்கொண்டே வரும்; சோதனை முடியும் வரை எல்லா பெல்ட்டுகளையும் மாட்டி வையுங்கள். பின்னிருக்கையின் தலையணைகளைக் கழற்றி வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

டயரின் காற்றையும் இப்போதே சரிபாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் காற்றழுத்த அளவு அச்சிடப்பட்டிருக்கும். அதற்கு மேல் காற்று ஏற்றிய டயர், சாலையின் ஒவ்வொரு சிறு மேட்டையும் உடலுக்குக் கடத்தி, நன்றாக இருக்கிற பாகங்களையும் பேசவைத்துவிடும்.

நின்ற இடத்திலேயே முதல் பிரிவினை

வண்டி நிற்கும்போதும் சத்தம் வருகிறதா? இந்த ஒரு கேள்வி தேட வேண்டிய இடத்தில் பாதியைக் குறைத்துவிடும். நியூட்ரலில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, இன்ஜினை மெதுவாக 3000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 3000 சுற்று) வரை ஏற்றி இறக்குங்கள். ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில் மட்டும் ரீங்காரம் எழுந்து, அதைத் தாண்டியதும் மறைந்தால், சாலைக்கும் சத்தத்துக்கும் தொடர்பில்லை. இன்ஜினின் துடிப்புக்கு ஏதோ ஒரு பாகம் ஒத்து அதிர்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜின் 1800 ஆர்.பி.எம்.மில் விநாடிக்கு 60 முறை துடிக்கும். மூன்று சிலிண்டர் இன்ஜின் 2000 ஆர்.பி.எம்.மில் 50 முறை துடிக்கும். தளர்ந்த தகடோ பிளாஸ்டிக்கோ தனக்கு இயல்பான அதிர்வெண்ணை அந்தத் துடிப்பு எட்டும்போதுதான் ஒலிக்கும். சத்தம் வரும் ஆர்.பி.எம்.மைக் குறித்துக்கொள்ளுங்கள், பழுதுபார்த்த பிறகு அதே எண்ணில்தான் சோதிக்க வேண்டும்.

இத்தகைய ரீங்காரத்துக்கு முதல் சந்தேகம் சைலன்சர் குழாயின் மேல் இருக்கும் வெப்பத்தடுப்புத் தகட்டின் மீது விழ வேண்டும். அது மிக மெல்லிய தகடு. மழைநீரும் சேறும் பட்டுப் போல்ட்டைச் சுற்றியுள்ள பகுதி துருப்பிடித்து, துளை பெரிதாகி, போல்ட் இறுக்கமாகவே இருக்க, தகடு மட்டும் அதன் தலையைச் சுற்றித் தனியாக ஆடிக்கொண்டிருக்கும். மேலோட்டமாகப் பார்ப்பவர் போல்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடுவது இதனால்தான். இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, கையுறை அணிந்து தகட்டையே தட்டிப் பாருங்கள். துளை பெரிதாகியிருந்தால் அகலமான இரும்பு வாஷர் ஒன்றை வைத்து முறுக்கினால் போதும். பிடிமானமே போய்விட்டிருந்தால், குழாயையும் தகட்டையும் சேர்த்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹோஸ் கிளிப்பால் இறுக்கலாம். தகட்டைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள். குழாயின் வெப்பம் வண்டியின் அடிப்பகுதியையும், காய்ந்த புல்லின் மேல் நிறுத்தும்போது அந்தப் புல்லையும் தாக்காமல் காப்பது அந்தத் தகடுதான்.

ஆறிய நிலையிலேயே, சைலன்சர் குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். உள்ளே கற்கள் உருளுவது போலக் கேட்டால் அதன் பீங்கான் தேன்கூடு உடைந்திருக்கிறது. அது ஒர்க்‌ஷாப் வேலை. சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையங்களில் ஒன்று அறுந்திருந்தால் புதியதை நீங்களே மாட்டலாம்.

கியரில் போட்டுக் கிளட்ச்சைப் பாதி விடும்போது, அல்லது ஏ.சி. போட்ட மறுகணம், வண்டி முழுவதும் நடுங்கினால் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிமானமான இன்ஜின் மவுண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏ.சி. விசிறியின் வேகத்தோடு சேர்ந்து டிக் டிக் என்ற ஒலி வேகமெடுத்தால் விசிறிக்குள் ஏதோ சிக்கியிருக்கிறது. மரத்தடியில் நிற்கும் கார்களில் காய்ந்த வேப்பிலை அங்கே போய்ச் சேருவது மிகச் சாதாரணம். பல கார்களில் கிளவ் பாக்ஸின் இரு பக்கங்களையும் உள்நோக்கி அழுத்தினால் அது கீழே இறங்கிவிடும். அதற்குப் பின்னால் உள்ள காற்று வடிகட்டியை வெளியே இழுத்தால் இலையும் கூடவே வரும்.

சாலையில் செய்யும் சோதனைகள்

நின்ற வண்டியில் சத்தம் வரவில்லை என்றால் சாலைக்குப் போக வேண்டும். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் கேட்க வேண்டும். ஓட்டுபவரே காதைச் சாய்த்துத் தேடுவது ஆபத்து. ஆளரவமற்ற சாலையைத் தேர்ந்தெடுத்து, கண்ணாடிகளை மூடி, ஏ.சி.யையும் பாட்டையும் நிறுத்திவிடுங்கள். நல்ல சாலையில் சத்தம் வந்தால், அதே வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றிச் சில விநாடிகள் உருள விடுங்கள். சத்தம் நின்றால் காரணம் இன்ஜின் பக்கம். நிற்காமல் வண்டியின் வேகத்தோடு கூடிக் குறைந்தால் சக்கரத்தின் பக்கம். டயரின் பள்ளத்தில் சிக்கிய ஒரு ஜல்லிக்கல்லும் இப்படித்தான் ஒலிக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

மேடுபள்ளத்தில் மட்டும் வரும் சத்தத்துக்கு, எப்படிப்பட்ட மேடு என்று பிரித்துப் பார்ப்பதுதான் வழி. பேவர் பிளாக் பதித்த தெரு, நெடுஞ்சாலையில் பள்ளிக்கும் ரயில்வே கேட்டுக்கும் முன்பு போட்டிருக்கும் வரிசையான வெள்ளைக் கோட்டு மேடுகள், அகன்ற வேகத்தடை ஆகிய மூன்றும் மூன்று வகையான சோதனைத் தளங்கள். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கு உரியது அது. அத்தகைய அகன்ற தடையில் சக்கரம் நிதானமாக, நெடுந்தூரம் மேலும் கீழும் போய்வரும். சாக் அப்சார்பரை உடலோடு பிணைக்கும் மேல் மவுண்டும், சக்கரத்தை அடியில் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் அங்கே ஒற்றை அடியாகத் 'தொம்' என்று கேட்கும். பேவர் பிளாக்கில் சக்கரத்தின் அசைவு சிறியது, ஆனால் விரைவானது. லிங்க் ராடின் பந்து மூட்டும், பிரேக் பேடும், உள்ளே உள்ள பிளாஸ்டிக்கும் அங்கேதான் கடகடக்கும்.

லிங்க் ராடைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓரளவு ஓடிய கார்களில் முன்பக்கக் கடகடப்புக்கு மிக அதிகமாகக் காரணமாவது அதுதான். காரணம் இல்லாமலேயே மிக அதிகமாக மாற்றப்படுவதும் அதுதான். இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற தண்டு, வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கிறது; அதன் இரு நுனிகளையும் சக்கரப் பக்கத்தோடு இணைப்பவை லிங்க் ராடுகள். சில சிறிய கார்களில் இந்தத் தண்டே இருக்காது. இரு சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும்போது தண்டு தன் புஷ்ஷுக்குள் சுழன்று கொடுக்கும். லிங்க் ராடின் மேல் பெரிய பாரம் விழாது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போதுதான் தண்டு முறுகி, லிங்க் ராடு இழுபடும். ஆகவே ஒரு வேகத்தடையை நேராக மெதுவாகக் கடந்து பாருங்கள். பிறகு அதையே, எதிரே வண்டி வராதபோது, சற்றுக் குறுக்காக, ஒரு சக்கரம் முன்னும் மறு சக்கரம் பின்னுமாக ஏறும்படி கடந்து பாருங்கள். நேராகப் போகும்போது அமைதியும் குறுக்காகப் போகும்போது கடகடப்பும் என்றால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி. வண்டி ரேம்ப்பில் ஏறியதும் பந்து மூட்டின் ரப்பர் உறையைப் பாருங்கள். அது கிழிந்து, உள்ளே கிரீஸ் மணலோடு கலந்து கறுத்துக் காய்ந்திருக்கும். நான்கு சக்கரங்களும் தரையை அழுத்தும் நிலையில் ராடைப் பிடித்து வேகமாகக் குலுக்கினால் மூட்டின் ஆட்டம் விரலில் தெரியும். மாற்றும்போது இடமும் வலமும் ஜோடியாக மாற்றுவதே முறை.

மேல் மவுண்டைச் சோதிக்க, பானட்டைத் திறந்து, சாக் அப்சார்பரின் மேல் முனையில் ஒருவர் கை வைத்திருக்க, இன்னொருவர் நின்ற வண்டியில் ஸ்டியரிங்கை மெதுவாக இரு பக்கமும் திருப்ப வேண்டும். திருப்பும்போது ஸ்பிரிங் துள்ளுவது போன்ற ஓர் உதறல் கையில் பட்டால் மவுண்டின் பேரிங் தேய்ந்திருக்கிறது. சாக் அப்சார்பரின் உடலில் எண்ணெய் வடிந்து தூசி ஒட்டியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. பிரேக் பேடுக்கான சோதனை இன்னும் எளிது: கடகடப்பு வரும் சாலையில், பின்னால் வண்டி இல்லாதபோது, பிரேக்கை மிக மெல்ல, வேகம் குறையாத அளவுக்கு மட்டும் தொடுங்கள். சத்தம் அந்தக் கணமே நின்றால் பேடைப் பிடிக்கும் கிளிப்போ, பேடை அழுத்தும் கேலிப்பரின் பின்னோ தளர்ந்திருக்கிறது. புதிய பேடு போட்ட மறுநாளிலிருந்து இந்தச் சத்தம் வந்தால், பழைய கிளிப்பை மாட்டாமலே விட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

லோயர் ஆர்மின் பந்து மூட்டையும் சக்கர பேரிங்கையும் பார்க்க ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைக்க வேண்டும்; இடமும் வலமுமாகப் பிடித்து அசைத்தால், ஸ்டியரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் டை ராடின் ஆட்டம் தெரியும். எந்தச் சோதனைக்காகவும் ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டியின் அடியில் தலையையோ கையையோ நுழைக்காதீர்கள். உறுதியான ஜாக்கி ஸ்டாண்ட் இல்லையென்றால் அந்த வேலையை ரேம்ப் உள்ள இடத்துக்கு விட்டுவிடுங்கள்.

உள்ளே இருந்து வரும் சத்தங்கள்

இவற்றுக்குத்தான் பொறுமை வேண்டும். பிளாஸ்டிக் பாகங்கள் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்குவதால், காலையில் வரும் சத்தம் மதியம் காணாமல் போகும். நம் ஊர்க் கோடையில், வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸை எட்டுவதும் உண்டு. ஆகவே சத்தம் வரும் நேரத்தில் வண்டி வெயிலில் நின்றதா, ஏ.சி. எவ்வளவு நேரம் ஓடியது என்பதையும் குறித்து வையுங்கள்.

சாலைக்குப் போகாமலே இவற்றைத் தேட நல்ல வழி ஒன்று உண்டு. செல்போனில் ஒலி அதிர்வெண்ணை உண்டாக்கும் செயலி ஒன்றை நிறுவி, காரின் ஸ்பீக்கரோடு இணைத்து, 30 ஹெர்ட்ஸிலிருந்து 150 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியை நடுத்தர அளவில் ஒலிக்க விடுங்கள். தளர்ந்த பாகம் தனக்குரிய அதிர்வெண் வந்ததும் நடுங்கத் தொடங்கும். ஒலியை அங்கேயே நிறுத்தி, உள்ளங்கையால் ஒவ்வொரு பாகமாக அழுத்திக்கொண்டே வாருங்கள். எதை அழுத்தும்போது சத்தம் அடங்குகிறதோ அதுவே இடம். கதவு பேடுகள் (கதவின் உட்பக்க உறை), ஸ்பீக்கர் மூடி, பின் கண்ணாடிக்குக் கீழுள்ள தட்டு, ஏ.சி. காற்றுத் துவாரத்தின் இதழ்கள், டேஷ்போர்டும் முன்கண்ணாடியும் சேரும் விளிம்பு ஆகியவை வழக்கமான இடங்கள். பின்புற நம்பர் தகட்டையும் மறக்காதீர்கள். 2019 ஏப்ரல் 1 முதல் வந்த வண்டிகளில் உயர் பாதுகாப்புப் பதிவெண் தகடு இருப்பதால், அதன் பூட்டை உடைக்காமல் கழற்ற முடியாது. தகட்டுக்கும் உடலுக்கும் இடையில் ஒட்டும் ஃபோம் துண்டுகளைச் செருகினாலே போதும்.

கதவுக்குள் கேட்கும் சத்தத்துக்குக் கண்ணாடியைப் பாதி இறக்கி ஓட்டிப் பாருங்கள். சத்தம் மாறினால் கண்ணாடியின் ஓட்டத் தடத்தில் தேய்மானம். மாறவில்லை என்றால், கதவு வந்து பூட்டிக்கொள்ளும் இரும்பு வளையத்தில் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வண்டியை ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் அந்த வளையத்தை மிகச் சிறிதளவு உள்நோக்கி நகர்த்தி முறுக்க வேண்டும். டேப் சோதனைக்கு மட்டும்தான், அதுவே தீர்வாகாது. பின்னிருக்கையின் பூட்டு வளையத்துக்கும் டிக்கிக் கதவுக்கும் இதே சோதனை பொருந்தும். டிக்கியின் இரு ஓரங்களிலும் பானட்டின் முன் ஓரத்திலும் உள்ள ரப்பர் குமிழ்களில் பல, திருகி உயர்த்தக்கூடியவை. அரைச் சுற்று உயர்த்தினால் ஆட்டம் நின்றுவிடுவது உண்டு.

இரண்டு பிளாஸ்டிக்குகள் தட்டிக்கொள்ளும் இடத்துக்கு ஃபெல்ட் துணி டேப்பும், உரசிக் கிறீச்சிடும் ரப்பர் பட்டைக்குச் சிலிக்கான் கிரீஸும் பயன்படுத்துங்கள். இன்ஜின் ஆயிலும் சாதாரண கிரீஸும் ரப்பரை உப்பவைத்துக் கெடுக்கும். தேங்காய் எண்ணெய் தூசியைச் சேர்த்துப் பிசுக்காகும். டேப்பை ஒட்டும் முன் அந்த இடத்தைத் துடைத்து உலரவிடாவிட்டால் வெயிலில் பசை நழுவிவிடும். முன் தூணின் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னாலும், டேஷ்போர்டின் இடப்பக்கத்திலும், ஸ்டியரிங்கிலும் ஏர்பேக் இருக்கலாம் என்பதால் அங்கே எதையும் திணிக்கவோ நெம்பவோ கூடாது. மஞ்சள் நிற ஒயர் இணைப்பைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள்.

பழுதுபார்க்கும்போது

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து, சத்தம் வந்த அதே சாலையில், அதே வேகத்தில், இயன்றவரை அதே நேரத்தில் ஓட்டிச் சோதியுங்கள். நான்கு இடங்களில் ஒரே நாளில் டேப் ஒட்டிவிட்டால், சத்தம் போனாலும் எது போக்கியது என்று தெரியாது. அடுத்த முறை மீண்டும் தொடக்கத்திலிருந்து தேட வேண்டியிருக்கும்.

மெக்கானிக்கிடம் போனால், நீங்கள் குறித்துவைத்ததைச் சொல்லுங்கள்: "மணிக்கு 20 கிலோமீட்டரில், இடது சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது வருகிறது, பிரேக்கைத் தொட்டாலும் நிற்கவில்லை, நேராக வேகத்தடை ஏறினால் வருவதில்லை" என்பது போல. அவரை உடன் அழைத்துக்கொண்டு அந்தச் சாலைக்கே போய்வருவது இன்னும் நல்லது. அதற்கு நேரமில்லை என்று சொல்கிற இடத்தில் பாகங்களை மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். லோயர் ஆர்ம் அல்லது புஷ் மாற்றினால், அவற்றின் போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது சக்கரங்கள் தரையில் நின்று வண்டியின் எடை முழுவதும் இறங்கிய பிறகே என்பதைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நின்று, சில மாதங்களில் கிழிந்துவிடும். அதே சத்தத்தோடு நீங்கள் அதே ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்ப வேண்டிவரும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி, மூட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அது இறுக்கமாக இருந்தால் தேடல் இன்னும் முடியவில்லை. வேலைக்காகச் சக்கரங்களைக் கழற்றியிருந்தால், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிடுங்கள்.